வண்டி வலிக்கவில்லை

திருவனந்தபுரத்தில் நாங்கள் பேசும் தமிழைக் கேட்டால் கிழக்கே தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கார் ஏற்றத்தில் திணறினால் நாங்கள் ‘வண்டி வலிக்கலை’ என்போம். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த என் மைத்துனர் ஒருமுறை, “வலிக்கலேன்னா சந்தோஷம்தானே அத்திம்பேர், அதுக்கு எதுக்கு ஒர்க்‌ஷாப்?” என்று கேட்டார். ஐ.டி.ஐ.யில் இருபத்தொன்பது வருஷம் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கதையைச் சொல்லித்தான் வண்டியின் இழுவை குறைவதைப் பற்றிய பாடத்தைத் தொடங்குவேன். பையன்கள் சிரிப்பார்கள். சிரித்தால் பாடம் மனசில் நிற்கும்.

ஷிஜி மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். மலையாளம் எனக்கு நன்றாகவே எழுத வரும். ஆனாலும் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். ஒழுங்காக யோசிக்க வேண்டுமென்றால் தமிழ்தான் கைக்கு வருகிறது. நீங்கள் தமிழ்நாட்டு எல்லையோரம் பாறசாலைப் பக்கம் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள். உங்களுக்கே படிக்க வரலாம். வராவிட்டால் தெரிந்தவர் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நீலகண்டன். வயது அறுபத்தெட்டு. ஸ்ரீவராகத்தில் சொந்த வீடு. வீட்டில் நான், என் மனைவி சூடாமணி, மருமகள் மாளவிகா, பேத்தி அனகா. அனகா இரண்டாம் வகுப்பு. என் ஒரே பிள்ளை வெங்கிடேஷ் நான்கு வருஷத்துக்கு முன் ஆபீசில் நாற்காலியை விட்டு எழுந்தவன் அப்படியே விழுந்தான். முப்பத்தெட்டு வயது. கார் அவனுடையது. வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி. அவன் போனபிறகு ஐந்து மாதம் அது அசையாமல் நின்றது. மாளவிகாவை உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது அவளுக்குக் கிளட்ச் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. பொன்முடி அடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்ட். தினமும் போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. வியாழக்கிழமை தோறும் மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைமேல் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போக வேண்டும். தேயிலை பறிக்கிறவர்களுக்குப் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொடுப்பது. பஸ்ஸை நம்பினால் முடியாது. அதனால் கார்.

போன ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்து சாவியை என் கையில் கொடுத்தாள். “அப்பா, வண்டி வலிக்கவே மாட்டேங்கறது. ஏழாவது வளைவுலே பின்னாலே வந்த பஸ்காரன் ஹார்ன் அடிச்சே மானத்தை வாங்கிட்டான், கேட்டேளா” என்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன். இந்தக் குறையைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. எஞ்சின் இரைந்தும் வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி சக்கரத்தின் நடுவே கை வைக்கும்போது சுட்டால், பிரேக் விடாமல் பிடிக்கிறது. இரண்டும் இல்லை. சைலன்சர் வாயில் கை வைத்தேன். புகை தாராளமாக வந்தது, அங்கே அடைப்பில்லை. பிளக்குகளைக் கழற்றினேன், கறுத்திருந்தன. அப்படியென்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் குழாய்க்குள் இரண்டு விரலை விட்டேன். தேங்காய் நார், கிழிந்த துணி, காய்ந்த இலை. எலி கூடு கட்டியிருந்தது.

ஆகவே அந்த யோசனை முதலில் என்னுடையது அல்ல. எலியுடையது.

அன்றைக்கு மாளவிகா என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். அது எதுக்குப்பா, இது எதுக்குப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அனகா ஸ்பானர்களை உயர வரிசையில் அடுக்கினாள். சூடாமணி வாசலுக்கே காபி கொண்டுவந்தாள். வெங்கிடேஷ் போனபிறகு நாங்கள் நாலு பேரும் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் இருந்தது அன்றுதான். மறுநாள் வேலையிலிருந்து திரும்பி வந்தவள், “அப்பா, வண்டி பறக்கறது. நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்” என்றாள். சாதாரணமாகச் சொன்னதுதான். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

ஜூன் மாதம் அவள் இன்னொன்று சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “ஜெயன் சார் சொன்னார், அங்கே ஒரு குவார்ட்டர்ஸ் காலியாறதாம். அலைச்சல் மிச்சம். அனகாவையும் அங்கேயே ஸ்கூல்லே சேத்துடலாம். நீங்களும் அம்மாவும் எப்போ வேணும்னாலும் வந்து இருக்கலாமே.” ஜெயன் என்பவர் அந்த நிலையத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை.

“நல்லதுதான்” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன். சூடாமணியைக் கேட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் காலை மாளவிகா குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு பழைய துவர்த்தைக் கிழித்தேன். குளித்தால் துடைத்துக்கொள்ளும் மெல்லிய துண்டு, எங்கள் பக்கத்தில் துவர்த்து என்போம். ஒரு முழத்தைச் சுருட்டி, எலி கூடு கட்டிய அதே குழாய்க்குள் செருகினேன். ஒரு நிமிஷ வேலை. கையில் கரிகூட ஒட்டவில்லை.

அதனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. சத்தம் வராது. ஊருக்குள் ஓட்டினால் வித்தியாசமே தெரியாது. ஏற்றத்திலோ அவசரத்திலோ பெடலை முழுசாக மிதிக்கும்போதுதான் எஞ்சின் மூச்சு கேட்கும், கிடைக்காது. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு நடக்கிற மனிதனைப் போல. அவன் நடக்கலாம், பேசலாம், கடைக்குப் போய்வரலாம். ஓட மட்டும் முடியாது. பிரேக்கில் நான் கை வைத்ததே இல்லை. ஸ்டியரிங், டயர் எதிலும் இல்லை. சொல்லப்போனால் பிரேக் பட்டைகளை அந்த மாதம்தான் புதிதாக மாற்றினேன். அவள் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறென்ன நோக்கம் இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி முக்காலி, டார்ச், காபி. நான் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டேன். அதற்கடுத்த வாரம் இஞ்செக்டரை. பிறகு பிளக், பிறகு இக்னிஷன் காயில். சந்தேகப்பட எவ்வளவோ இருக்கிறது அந்த வண்டியில். ஒவ்வொன்றையும் கழற்றி, சுத்தம் செய்து, அவளுக்கு விளக்கி, மறுபடி மாட்டுவேன். அவள் கவனமாகக் கேட்பாள். நல்ல மாணவி. வேண்டுமென்றே சில வாரம் துண்டை எடுத்துவிடுவேன். அப்போது வண்டி நன்றாக ஓடும். அவள் முகம் மலரும். அதற்கடுத்த வாரம் மறுபடி.

இதில் செல்வினைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். கரமனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்வின் என்னிடம் படித்தவன். என் இருபத்தொன்பது வருஷத்தில் அவன் அளவுக்குக் காது உள்ள பையனை நான் பார்த்ததில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் என்று சொல்வான். ஆகஸ்டில் மாளவிகா அவனிடம் காட்டலாமே என்றாள். சரி என்றேன். அன்று காலை துண்டை எடுத்துவிட்டேன். அவன் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அவனே ஓட்டிக்கொண்டு வந்தான்.

“சாரே, நான் பாலத்துல ஏத்தி பாப்பனம்கோடு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். ஒரு கொழப்பமும் இல்ல. சும்மா பறக்குது” என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மேடத்துக்கு மலையில மிதிக்க பயமா இருக்குமோ என்னமோ” என்றான்.

மாளவிகா கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து வண்டி மறுபடி இழுக்காதபோது அவள் என்னிடம் வந்து, “எனக்குத்தான் ஓட்ட வரலையோ அப்பா?” என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. நான் அவள் தலையைத் தொட்டு, “மலைலே ஓட்டறது எல்லாருக்கும் வராதும்மா. அதுலே தப்பொண்ணும் இல்லை” என்றேன். அவள் அன்றைக்கு அதை நம்பினாள். குவார்ட்டர்ஸ் பேச்சை விட்டாள். அங்கே தனியாக இருக்கும்போது குழந்தைக்கு ஏதாவது என்றால் இந்த வண்டியை, இந்த ஓட்டத்தை நம்பி எப்படிப் போவது என்று அவளே சூடாமணியிடம் சொன்னாள். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் வீடு வீடாக இருந்தது. நவராத்திரிக்குக் கொலு வைத்தோம். வெங்கிடேஷ் போனபிறகு முதல் கொலு.

சூடாமணி என்னை ஒருமுறை பார்த்துவிட்டாள். பானட் திறந்திருந்தது; என் கை குழாய்க்குள் இருந்தது. “காலங்கார்த்தாலே என்னன்னா பண்றேள்?” என்றாள். எலி என்றேன். அவள் குழாயையும் என் கையையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நவம்பரில் மாளவிகா முடிவு செய்துவிட்டாள். இந்தத் தடவை சாப்பாட்டு நேரத்தில் சொல்லவில்லை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து சொன்னாள். காரை விற்றுவிடப் போகிறாளாம். குவார்ட்டர்ஸிலிருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாமாம். வியாழக்கிழமை எஸ்டேட்டுக்கு ஜெயன் ஜீப் ஏற்பாடு செய்வாராம். “வண்டியும் வேண்டாம், பயமும் வேண்டாம்” என்று சிரித்தாள். அடுத்த வியாழக்கிழமை லயத்து வேலை முடிந்ததும் குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த வியாழக்கிழமை காலை நான் இரண்டாவது துண்டையும் செருகினேன். ஒன்று போதாது என்று தோன்றியது. லயத்துக்கே ஏற முடியாமல் வழியில் நின்றுவிடும், திரும்பி வந்துவிடுவாள், சாவி வாங்குவது அன்றைக்கு நடக்காது என்று கணக்குப் போட்டேன். வண்டி நிற்கவில்லை. முனகிக்கொண்டே ஏறிவிட்டது. அது நல்ல வண்டி.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன். லயத்தில் முத்தாரம்மாள் என்று ஒரு தேயிலைத் தொழிலாளி, ஐம்பத்தாறு வயது, மாத்திரை வாங்க வரிசையில் நின்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வர ஒரு மணிநேரம் ஆகும் என்றார்கள். மாளவிகா அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அவள் கணவர் தங்கபாண்டியை முன்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். இருபத்திரண்டு வளைவும் ஒழுங்காக இறங்கினாள். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை இல்லை. மலை முடிந்து நெடுமங்காட்டுக்கு வரும் வழியில் ஒரு ஏற்றம் இருக்கிறது. முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் முத்தாரம்மாளின் முனகல் நின்றுவிட்டது. மாளவிகா டிப்பரை முந்த வலதுபக்கம் ஏறினாள். பாதி லாரியைத் தாண்டியபோது எதிரே பஸ் வந்தது. அவள் பெடலை மிதித்தாள்.

பஸ் இவள்மேல் மோதவில்லை. இவள் வண்டியை வலதுபுறத்துப் பள்ளத்தில் இறக்கிவிட்டாள். ரப்பர் மரத்தில் முட்டி நின்றது. முத்தாரம்மாள் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். விலா எலும்புகள் முறிந்ததால் என்று பிரேதப் பரிசோதனையில் எழுதியிருக்கிறது. ஆனால் அவள் ஏற்கனவே நெஞ்சுவலிக்காரி என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கபாண்டிக்குக் கை முறிவு. மாளவிகாவுக்கு முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வருவது கடினம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். அதற்காக உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டி, படுதாவில் தூளி மாதிரித் தைத்து, ஒரே ஆள் தூக்கித் திருப்பும்படி செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து பார்க்க வந்த பெண் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அனகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறாள்.

தங்கபாண்டி ஒருநாள் வந்தார். கையில் கட்டோடு, ஒரு பை தேயிலைத்தூளோடு. மாளவிகாவின் கட்டிலருகே தரையில் உட்காரப் போனவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவளைப் பார்த்து அழுதார். வாசலுக்கு வந்தபிறகு என்னிடம், “அம்மாவ யாரும் ஒண்ணும் சொல்லிரக் கூடாது ஐயா. அவுக மிதி மிதின்னு மிதிச்சாக. காலு பலகையில போய் முட்டுச்சு, நான் பாத்தேன். வண்டிதான் போகல” என்றார். அவர் போனதும் அந்தத் தூளில் டீ போட்டுக் குடித்தேன். நல்ல வாசனை.

வண்டிகளைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் குழாய்க்குள்ளிருந்து இரண்டு துணிகளை எடுத்து, துடைத்த துணியை மெக்கானிக் மறந்து உள்ளே விட்டிருக்கிறான் என்று எழுதினார். விபத்துக்கு ஒன்பது நாள் முன்பு செல்வின்தான் ஆயில் மாற்றியிருந்தான். நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “நான் துணி வெச்சு மறக்கிறவன் இல்ல சாரே. சாருக்குத் தெரியும்லா?” என்றான். தெரியும் என்றேன். அதற்குமேல் பதினோரு நாள் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் ஒர்க்‌ஷாப் ஷட்டரில் யாரோ கரியால் எழுதியிருப்பதைப் பார்த்தேன். என்ன எழுதியிருந்தது என்பது இங்கே வேண்டாம்.

நான் வந்து இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். என் கையில் வேலை கற்றவன் குழாய்க்குள் துணியை மறந்து விட்டான் என்று ஒரு அரசாங்கக் காகிதத்தில் இருக்கக்கூடாது. அது பொய். துணி மறக்கப்பட்டது அல்ல. சரியான இடத்தில், சரியான அளவில், யோசித்து வைக்கப்பட்டது.

நேற்றுக் காலை சூடாமணி என் மேஜைமேல் ஒரு துவர்த்தை வைத்தாள். பாதி கிழிந்தது. அலமாரிக்குப் பின்னால் கிடந்ததாம். நீங்கள் விசாரிக்க வந்தபோது காட்டிய துணியின் நீலக் கரையும் இதன் கரையும் ஒன்று. விபத்து நடந்த நாளிலிருந்து அவள் எனக்குக் காபியைக் கையில் தருவதில்லை. மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். நேற்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். “நீங்களா போய்ச் சொல்றேளா, இல்லை நான் போய்ச் சொல்லட்டுமா? அந்தப் பையனுக்கும் பெண்டாட்டி, குழந்தை இருக்கு.” நான் ஏற்கனவே முடிவு செய்துவிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை போலிருக்கிறது. என்கூடவே ஆட்டோவில் ஏறி ஸ்டேஷன் வாசல்வரை வந்தாள்.

மெதுவாகப் போகிற வண்டி யாரையும் கொல்லாது என்றுதான் நினைத்தேன் என நேற்று உங்களிடம் சொன்னேன். இரவு படுத்து யோசித்ததில் அது சரியல்ல என்று தெரிகிறது. வாக்குமூலத்தில் பிழை இருக்கக்கூடாது. பிக்கப் இல்லாத வண்டியின் பெரிய ஆபத்து எது என்பது என் பாடத்திலேயே உண்டு: முந்தும்போது பாதியில் மாட்டிக்கொள்வது. முன்னாலும் போக முடியாது, பின்வாங்கவும் முடியாது. வருஷா வருஷம் பரீட்சையில் அதை ஐந்து மார்க் கேள்வியாக நான்தான் கொடுப்பேன். செல்வின் ஒருமுறை அதற்கு முழு மார்க் வாங்கினான்.

கடைசியாக அந்தப் போன் விஷயம். அன்று பதினொன்று ஐம்பதுக்கு மாளவிகாவின் போனிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது, நான்கு நிமிஷம் பேசியிருக்கிறோம் என்று நேற்று ஒரு தாளைக் காட்டினீர்கள். அனகாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தனுப்பினேனா என்று கேட்டாள் என்றேன். அப்படி அவள் கேட்கவில்லை.

லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏற ஒரு செங்குத்து வழி இருக்கிறது. மூன்று பேரோடு அதில் வண்டி ஏறாமல் நின்றுவிட்டது. அங்கிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. “அப்பா, வண்டி சுத்தமா வலிக்கலை. பின்னாலே ஒரு பேஷன்ட் இருக்கா, ஹார்ட் மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம்? பானட்டைத் திறந்து ஏதாவது பாக்கணுமா? சொல்லுங்கோ, நான் பண்றேன்” என்றாள்.

பானட்டைத் திற, ஹெட்லைட்டுக்குப் பின்னாலே இருக்கிற குழாய்க்குள்ளே விரலை விடு, வருவதை வெளியே இழு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் டார்ச் பிடிக்கவைத்துக் கற்றுக்கொடுத்த பெண், அரை நிமிஷத்தில் செய்திருப்பாள். ஆனால் செய்தால் கையில் நம் வீட்டுத் துவர்த்து வரும். நீலக் கரை அவளுக்குத் தெரியும்.

“பானட்டைத் திறக்காதே, நேரம் போயிடும்” என்றேன். ஏசியை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடச் சொன்னேன். “இதை விட்டுட்டு எஸ்டேட் ஜீப்பைக் கேக்கட்டுமா அப்பா?” என்றாள். ஜீப் அங்கேதான் நின்றது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வண்டியை அங்கே விட்டால் வேறு யாராவது திறந்து பார்ப்பார்கள். “வேண்டாம். இதுவே போரும். ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்” என்றேன். வண்டி முனகி ஏறுகிற சத்தம் போனிலேயே கேட்டது. “ஏறிடுத்துப்பா” என்றாள். வைத்துவிட்டாள்.

முத்தாரம்மாளைக் கொன்றது நான். மாளவிகாவின் காலை எடுத்தது நான். துண்டால் அல்ல, அந்த நான்கு நிமிஷத்தால். செல்வினை விட்டுவிடுங்கள்.

மாளவிகாவுக்கு இதை நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். சொல்லும்போது அவள் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று தெரியாது; கப்பியை இயக்குவது எப்படி என்று தனித் தாளில் படம் வரைந்து இதோடு இணைத்திருக்கிறேன். சூடாமணிக்கு அது புரியும். ஆனால் அவள் கையால் திருப்பினால் மாளவிகாவுக்குச் சரிப்படாது. என் கைதான் அவளுக்குப் பழக்கம். அன்றைக்கே பாருங்கள், அந்த ஜெயன் பக்கத்து லயத்தில்தான் இருந்தானாம், கூப்பிடு தூரம். அவனைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள்.